பத்து மிதி

என் பெயர் எல்லப்பன். ஊர் பென்னலூர். கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இதுவரைக்கும் நாலு க்ரூஸர் வண்டி வைத்திருந்திருக்கிறேன். எதில் முதுகு வலிக்காது, எதில் கால் வைக்க வாகு, எது மேட்டில் திணறாது என்று யாராவது வாயைக் கிளறினால் டீ ஆறிப்போகிற வரைக்கும் பேசுவேன். முதல் வண்டியைப் பற்றி மட்டும் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். மீதிப் பாதியை இங்கே சொல்லிவிடுகிறேன். சொன்னால் நல்லவனாகிவிடலாம் என்று ஒரு தடவை நினைத்துத்தான் இன்னும் கெட்டேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

க்ரூஸர் என்றால் தெரியாதவர்களுக்கு: ஹேண்டில்பார் உயரமாக நம் பக்கம் வளைந்து வரும், சீட் பள்ளமாக இருக்கும், காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு சாய்ந்த மாதிரி உட்கார்ந்து போகலாம். என் மனைவி பாஞ்சாலி முதல் நாளே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டாள். "ஈசி சேருக்கு சக்கரம் மாட்டிகினு வந்துக்கீறாரு துரை" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், வந்த பணத்தில் அப்பா வாடகைக்கு விட லைன் வீடு கட்டி, என் பங்கை என் கையில் கொடுத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அதுவரை சைக்கிள் மிதித்தவனுக்குத் துரை மாதிரி ஒரு தடவையாவது சாய்ந்து உட்கார வேண்டும் என்று தோன்றியது.

அப்படி வந்ததுதான் லைட்னிங் 535. 2001-இல் சுங்குவார்சத்திரத்து மெக்கானிக் யாக்கோபு மூலமாக, சென்னையில் ஒருவர் வைத்திருந்ததை வாங்கினேன். பெரிய டேங்க், பளபளக்கும் சைலென்சர். கிளப்பினால் டீக்கடை கண்ணாடி கிளாஸெல்லாம் பேசும். ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. மற்ற வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில் இருக்கும். லைட்னிங்கில் பழைய புல்லட் மாதிரியே எல்லாம் மாறி இருக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

இதை வைத்து யாக்கோபு கடையில் ஒரு வழக்கமே இருந்தது. வலது கியர் வண்டியில் முதல்முறை உட்காருகிறவனுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவன் இடது காலால் கியரைத் தேடுவான். அங்கே இருப்பது பிரேக். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நிற்கும், கடையே சிரிக்கும். சிரித்து முடித்ததும் வழக்கத்தின் அடுத்த பாதி. வண்டிக்காரன் முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதியவன் குனிந்து காலைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே, இடது காலால் பத்து தடவை பிரேக்கை மிதிக்க வேண்டும். யாக்கோபு சத்தமாக எண்ணுவார். "மூளைக்குத் தெரிஞ்சா பத்தாதுப்பா, காலுக்குத் தெரியணும்" என்பார். எனக்கும் அப்படித்தான் எண்ணினார். பத்து மிதி வைக்காமல் யாருக்கும் வலது கியர் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

லைட்னிங்கை தினமும் ஷிஃப்டுக்கு எடுத்துப் போகக் கட்டுப்படியாகவில்லை. அதனால் அடுத்த வருஷம் ஒரு யமஹா என்டைசரும் வாங்கினேன். அதுவும் சாய்ந்து உட்காருகிற வண்டிதான், ஆனால் சின்ன இன்ஜின், எடையில்லை, கையில் பிடித்தால் சொன்னபடி கேட்கும். கியர், பிரேக் எல்லாம் ஊர் வழக்கப்படி. பாஞ்சாலிக்கு அதைப் பிடித்திருந்தது. "இதுதான் குடும்பத்துக்கு ஆவும், அது ஊர்வலத்துக்கு" என்றாள்.

ஒரே ஆள் இரண்டு வண்டியையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாதே. ஞாயிற்றுக்கிழமை என்டைசரை ஓட்டிக்கொண்டு என் கூட வர ஒரு ஆள் கிடைத்தான். சில நாள் லைட்னிங்கில் என் பின்னால் உட்கார்ந்தும் வருவான். அவன்தான் சண்முகசுந்தரம்.

கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் டிரெய்னியாகச் சேர்ந்தவன். எங்கள் லைன் வீட்டில் இன்னும் இரண்டு பேரோடு ஒரு ரூமில் இருந்தான். அப்பா இல்லை. அம்மா செல்லம்மாள் தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) வேலை பார்த்து இவனைப் படிக்க வைத்தவர். இரண்டு வருஷம் டிரெய்னியாக இருந்தால் மூன்றாவது வருஷம் பெர்மனென்ட் ஆகலாம், ஆனால் எல்லோருக்கும் கிடைக்காது. அந்தக் கடிதம் வந்தால் அம்மாவை இங்கேயே கூட்டிவந்துவிடுவேன் என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லுவான். பாஞ்சாலி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காக அவன் எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். நான் அவனுக்கு அண்ணன். அவள் அவனுக்கு மதினி.

அவனிடம் ஒரு குணம். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லுவான். நான் வண்டியைப் பற்றிப் பேசினால், "செம வண்டிடா" என்பதைத் தாண்டி மேலே போகாது. அவன் அப்படியில்லை.

"அண்ணே, என்டைசர்ல அறுபது வரைக்கும் தாலாட்டு. அதுக்கு மேல நம்மதான் அதுக்குத் தாலாட்டுப் பாடணும். லைட்னிங் அப்படி இல்ல. அறுபதுலதான் அது முழிக்கவே செய்யுது. ஆனா அரை மணி நேரத்துக்கு மேல கை மரத்துப் போகும் போலருக்கே. பின்னால உக்காந்து வர்ற எனக்கே முட்டி ஆடுது" என்பான்.

யாக்கோபு கடையில் நாலு பேர் கூடியிருந்தால் அவன் பேச்சைத்தான் கேட்பார்கள். என் வண்டியைப் பற்றி என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்பார்கள். வண்டி என்னுடையது, வாய் அவனுடையது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரியும். எரிந்தது என்று அப்போது ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

லைட்னிங்கை ஒரு தடவை ஓட்டக் கொடுங்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டான். பார்க்கலாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

2003 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ராமன் சார் அவனைக் கூப்பிட்டு, பெர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்டில் உன் பெயர் இருக்கிறது, இந்த மாசத்துக்குள் லெட்டர் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு வண்டியிலும் ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போனோம். டீக்கடையில் அவன் இரண்டு பேருக்கும் போண்டா வாங்கினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. லைட்னிங் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இன்னாடா பாக்கிற, எடுத்துக்கோ. திரும்பப் போறப்ப நீ இத ஓட்டு. நான் அத ஓட்டிகினு வரேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். டீக்கடையில் இருந்தவர்களிடம் நான் கண்ணடித்தேன். இடது காலால் தேடுவான், கொஞ்சம் சிரிக்கலாம் என்று கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

அவன் தேடவில்லை. ஒரு வருஷமாக என் பின்னால் உட்கார்ந்து என் கால் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தவன். நேராக வலது காலைக் கொடுத்து, ஒரு சத்தமில்லாமல் முதல் கியரைப் போட்டு, பத்தடி போய் நிறுத்தினான். சிரிக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, பத்து மிதி வைக்கலியா?"

அவனாகத்தான் கேட்டான். இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாலு எட்டு நடந்து போய், ஹேண்டில்பாரைப் பிடிப்பது. ஒரு நிமிஷ வேலை.

"உனுக்கு எதுக்குடா அது? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே. போ போ" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போனான்.

எட்டு கிலோமீட்டர் நன்றாகத்தான் ஓட்டினான். நான் என்டைசரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கல் குவாரி லாரிகள் நிறைய ஓடும். ரோட்டில் எங்கே பார்த்தாலும் ஜல்லிப் பொடி சிந்திக் கிடக்கும். ஜல்லியில் முன் பிரேக்கைத் தொட்டால் வழுக்கிவிடும், கால் பிரேக்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்த ரோட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் முன்னால் போன லாரி, குவாரிப் பாதையில் திரும்புவதற்காகச் சட்டென்று வேகத்தைக் குறைத்தது.

அவன் கிளட்சைப் பிடித்தான். வலது காலை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தான். மறுபடியும். கியர் ஒவ்வொன்றாக ஏறியதே தவிர பின்னால் பிரேக் லைட் எரியவேயில்லை. அவனுடைய வலது ஷூ மேலும் கீழும் போவதை நான் முப்பதடி பின்னால் இருந்து பார்த்தேன். "எடது! எடதுடா!" என்று கத்தினேன். அந்த இன்ஜின் சத்தத்தில் எங்கே கேட்கும். லாரியின் பின்பக்கத்தில் மோதாமல் கடைசி நொடியில் ஒடித்தான், ஜல்லியில் சாய்ந்தான். அவ்வளவு கனமான வண்டி அவன் வலது கணுக்கால் மேல் விழுந்து, அவனை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் நின்றது.

உயிருக்கு ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்கால் எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் முழுசாக மடக்க வராது என்றார் டாக்டர்.

மறுநாள் மத்தியானம் செல்லம்மாள் அம்மா வந்தார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கையில் ஒரு ஒயர் கூடை. அதே நேரம் யாக்கோபுவும் வந்திருந்தார். அவர் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, அவருக்கே உரிய முறையில் நேராகக் கேட்டார்.

"பத்து மிதி வெச்சியா எல்லப்பா?"

"அப்டின்னா என்னய்யா?" என்று அந்த அம்மா கேட்டார். யாக்கோபு விளக்கினார். பிரேக் எந்தக் காலில் இருக்கிறது என்று முதலிலேயே பழக்கிவிடுவது, வண்டியைக் கொடுக்கிறவன் செய்ய வேண்டிய வேலை என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார், அவ்வளவுதான்.

"வெச்சேன். பத்து வாட்டி மிதிக்க வெச்சேன்மா. அவசரத்துல மறந்துட்டான்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. யாக்கோபு நம்பாமல் அவன் பக்கம் திரும்பினார். சண்முகசுந்தரம் என்னை ஒரு நொடி பார்த்தான்.

"ஆமா. அண்ணன் சொல்லத்தான் செஞ்சாரு. நான்தான் கோட்டிக்காரன் மாதிரி மறந்துட்டேன்" என்றான்.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சொன்ன பேச்ச என்னைக்குலே கேட்ருக்க" என்று அழுதார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், கூட்டமில்லாதபோது சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நானாக ராமன் சாரிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்தான் என்னைத் தேடி வந்தார். பத்து நாள் கழித்து, நான் ஃபோர்க்லிஃப்டில் பேலட் ஏற்றிக்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். நல்ல மனிதர், ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் யமன். அவருடைய லைனில் ஆறு வருஷமாக ஒருத்தருக்கும் விரல் போனதில்லை.

"அந்தப் பையன் இனிமே பிரஸ்ஸுல நிக்க முடியாது. ஆனா இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல உக்கார வெக்கலாம். நான் ரெகமண்ட் பண்ணா மேனேஜர் ஒத்துக்குவாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். வண்டி நீதானே குடுத்த? எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுத்தியா?"

ஒரு வார்த்தை. இல்லை சார், அவன் கேட்டான், நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. இவ்வளவுதான். ஆனால் அவனுடைய அம்மாவிடம் ஒரு மாதிரி சொல்லியாகிவிட்டது, யாக்கோபுவிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது மாற்றிச் சொன்னால் ஊரே காறித் துப்பும் என்று பயந்தேன். அவன் பிழைப்பு ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். நான் என் பக்கம் நின்றேன்.

"சொன்னேன் சார். பத்து வாட்டி."

ராமன் சார் பெருமூச்சு விட்டார். "சொல்லிக் குடுத்தும் ரோட்டுல மறக்கிறவன் மெஷின் பக்கத்துல மறக்க மாட்டான்னு நான் எப்படி கையெழுத்துப் போடறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லெட்டர் வரவில்லை. ஏப்ரலில் சண்முகசுந்தரம் ஊருக்குக் கிளம்பினான். பெட்டியை நான்தான் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிப் போனேன். பஸ் வருகிற வரைக்கும் அவன் அடிக்கடி என் முகத்தைப் பார்த்தான். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

பாஞ்சாலிக்கு மட்டும் உண்மை தெரியும். நான் சொல்லவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள். "மெய்யா சொல்லு, அந்தப் புள்ளைக்கு நீ சொல்லிக் குடுத்தியா?" என்று ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். நான் தட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. அதன் பிறகு ரொம்ப நாள் அவள் கருவாட்டுக் குழம்பு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

லைட்னிங்கை விற்றேன். அதைக் கிளப்பினாலே அந்த ஷூ மேலும் கீழும் போவது தெரிந்தது. என்டைசரில் உட்கார்ந்தால் அது அவன் வண்டி மாதிரி இருந்தது. ஹேண்டில்பார் ரப்பரில் அவன் கை பிடித்த இடம் தேய்ந்திருந்தது. அதையும் கொடுத்துவிட்டு, ஒருவர் ஓட்டி விற்ற பஜாஜ் எலிமினேட்டர் வாங்கினேன். குறை சொல்லவே முடியாத வண்டி. நீளமாக, தாழ்வாக, நடுத்தெருவில் வழிந்து போகிற மாதிரி போகும். லைட்னிங் மாதிரி கை மரக்காது, என்டைசர் மாதிரி அறுபதுக்கு மேல் கெஞ்ச வேண்டாம். இதையெல்லாம் சொல்வதற்கு ஆள் இல்லாமல் தனியாக வாலாஜாபாத் போய், தனியாக டீ குடித்துவிட்டு வந்தேன். யாக்கோபு கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். டயர் பஞ்சரானாலும் ஸ்ரீபெரும்புதூருக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

2005-இல் அவெஞ்சர் வந்தது. எலிமினேட்டரைக் கொடுத்துவிட்டு அதை எடுத்தேன். எடுத்த வாரமே ஒன்று தோன்றியது. கோவில்பட்டி வரைக்கும் போய் வந்தால் என்ன? வண்டிக்கும் நெடுந்தூரம் ஓடிப் பார்த்த மாதிரி இருக்கும், அவனையும் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். இதைப் பாஞ்சாலியிடம் சொன்னேன்.

"நீ மன்னிப்பு கேக்கப் போறியா, வண்டிய ஓட்டிப் பாக்கப் போறியா?" என்றாள்.

"ரெண்டுந்தான்."

"பஸ்ஸுல போ. அப்ப நம்புறேன்."

நான் வண்டியில்தான் போனேன். புரட்டாசி மாசம். விழுப்புரம், திருச்சி தாண்டி மதுரையில் ஒரு லாட்ஜில் படுத்து எழுந்து, மறுநாள் மத்தியானத்துக்குள் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். முதுகு வலிக்கவில்லை. இத்தனை தூரத்தில் ஒரு இடத்தில்கூடக் கால் அலுக்கவில்லை. இதுவரை ஓட்டிய நாலில் இதுதான் ராஜா என்று வழியில் நினைத்தேன். என்ன காரியத்துக்குப் போகிறேன் என்பது நடுநடுவே மறந்தே போயிற்று. அந்த வெட்கத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் அவன் தெருவில் நுழைந்தேன்.

சண்முகசுந்தரம் வெளியே வந்தான். வலது காலை முழுசாக ஊன்றாமல், பக்கவாட்டில் இழுத்து வைத்து நடந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நான் குனிந்து வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன்.

"அண்ணே! எம்புட்டுத் தூரம், வண்டியிலயா வந்தீக?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான். சீட்டை அமுக்கிப் பார்த்தான். "எலிமினேட்டர் அம்சம் அப்படியே இருக்கு. சீட்டு இன்னும் கொஞ்சம் எறக்கம், என்ன? குட்டையான ஆளுக்கும் கால் ஊணும்." அவனைப் பார்த்து ஏறி உட்காருடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனும் உட்காரவில்லை.

இப்போது அவனும் அம்மா வேலை பார்க்கும் அதே தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறான். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். செல்லம்மாள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டதும் அடுப்பைப் பற்ற வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளிடம் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான் கிளியம்மா. பத்து மட்டம் சொல்லிக் குடுத்துச்சாம். நம்ம பய காதுல ஏறல. ஏறிருந்தா இன்னைக்குக் கம்பெனி உடுப்புப் போட்டுட்டு இருப்பான்" என்றார். அது பழகிப்போன பேச்சு என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் எத்தனையோ தடவை கேட்டது போலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இலை போட்டார்கள். அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வரும்போது காலை இழுத்ததில் கொஞ்சம் தளும்பிக் கீழே சிந்தியது. "சொன்ன பேச்சு கேக்காத காலு, பின்ன எப்படி நிக்கும்" என்றார் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். அவன் துணியை எடுத்துத் துடைத்தான்.

நான் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். பத்து மிதி நான் வெக்கல. அவன் வாய் தொறந்து கேட்டான். போடான்னு அனுப்பிட்டேன். ஆஸ்பத்திரியில உங்களுக்கும் பொய் சொன்னேன், கம்பெனியிலயும் பொய் சொன்னேன். வேலை போனது என்னாலதான். அவன் மேல ஒரு தப்பும் கிடையாது."

அவர் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"நெசமாலே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டரை வருசமால்லா ஏசிட்டு இருக்கேன். போன மழையில வாசல்ல விழுந்து கெடந்தானே, தூக்கக்கூட இல்லாம ஏசினேனே. ஒரு வார்த்தை சொன்னியாலே நீ?" கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து அவர் அழுவது கேட்டது. சத்தம் போட்டு அழவில்லை. வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதார்.

நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். சண்முகசுந்தரமும் என் பின்னாலேயே வந்தான். அவன் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"எதுக்குண்ணே சொன்னீக?"

"சொல்லாம இருக்க முடியலடா. நெஞ்சுல கல்லு மாதிரி கீது."

"அந்தக் கல்லத் தூக்கி எங்க அம்மா தலையில போட்டுட்டீகளே. அவுக ஏசுறது எனக்குப் பழகிப் போச்சு. இனி அவுக எப்படித் தூங்குவாக?"

நான் வண்டிப் பக்கம் திரும்பினேன். கடைசியில், "நீ ஏண்டா அன்னிக்கு ஆமான்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க முந்திச் சொல்லிட்டீக. மதினி கையால சாப்பிட்ட எடம். யாக்கோபு அண்ணன் முன்னால உங்களப் பொய்யன்னு எப்படிச் சொல்ல? சாயங்காலத்துக்குள்ள நீங்களே மாத்திச் சொல்லிருவீகன்னு நெனச்சேன். பொறவு ராமன் சார்ட்டயாவது சொல்லுவீகன்னு நெனச்சேன். பஸ் ஏறுற வரைக்கும் நெனச்சிட்டுத்தாண்ணே இருந்தேன்."

அவன் உள்ளே போனான். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவன் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அழாதம்மா. அண்ணன் சொல்றது பொய்யி. நான் நொண்டிட்டு நடக்கதப் பாத்துப் பொறுக்காம, பழியத் தன் மேல போட்டுக்கிடுதாரு. அவரு பத்து மட்டமும் எண்ணிச் சொல்லத்தான் செஞ்சாரு. நான்தான் கேக்கல. நீ ஏசுனதுல ஒரு தப்பும் இல்ல."

அந்த அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"நெசமாவாலே சொல்ற?"

"உன் மேல ஆணையாம்மா."

நான் உள்ளே போய், இல்லையம்மா, அவன்தான் பொய் சொல்கிறான் என்று சொல்லியிருக்கலாம். கால் எடுக்கவில்லை. அந்த அம்மா தூங்க வேண்டும் என்பதற்காக நின்றேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றேனா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

செல்லம்மாள் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்ட சோற்றைப் புது இலையில் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால் கதவருகில் நின்றுகொண்டு சண்முகசுந்தரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டான்யா, எல்லாத்தையும் சொல்லிட்டான். இவன் பழியத் தூக்கிச் சுமக்க இம்புட்டுத் தூரம் வந்தியா? பெத்தவளுக்குக்கூட இந்த மனசு வராதுய்யா. நீ நல்லா இருப்ப" என்று பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டேன்.